பெருந்தொற்றும் ஆசிரியர் வாழ்வும்: நமக்குள்ள பொறுப்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில், நிர்வாகக் குழுவின் சார்பில் வாசிக்கப்பெற்ற உரை)

 

சற்று முன்னர்ப் பொருளாளர் அவர்கள் வரவு செலவு அறிக்கையை வாசித்தார்கள். கட்டடப் பராமரிப்பு, மின்கட்டணம், ஓதும் பிள்ளைகளுக்கான பரிசுகள் என ஒவ்வோர் இனத்தையும் நாம் கேட்டறிந்தோம். சுண்ணாம்பு அடித்த செலவைப் பற்றி மூவர் எழுந்து வினா எழுப்பினார்கள், வரவேற்கிறோம். ஆனால் "ஊதியம்" என்று ஒரே வரியில் வாசிக்கப்பட்ட இனத்தைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றியும், அவர்களைப் போன்று இவ்வூரின் பள்ளிக்கூடங்களில் பணியாற்றும் நம் சகோதர சகோதரிகளைப் பற்றியும் இன்று பேச வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் விருப்பம்.

கொரோனாப் பெருந்தொற்று வந்து சென்று ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அந்நாள்களில் நம்மைவிட்டுப் பிரிந்தோருக்காக இன்றும் துஆச் செய்கிறோம். மருத்துவர்களையும் செவிலியர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் மேடைகளில் பாராட்டினோம். அது நம் கடமை. ஆயினும் நோய் தொடாமலே வாழ்வு குலைந்துபோன ஒரு கூட்டத்தாரை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் தாம் ஆசிரியர்கள். நாளை இன்னொரு தொற்றோ, வெள்ளமோ, வேறு பேரிடரோ வருமாயின், அவர்கள் மீண்டும் அதே இடத்தில் நிற்க நேருமா என்பதே இந்த உரை எழுப்பும் வினா.

ஊர் நின்றது, பள்ளியும் நின்றது

நமது திருவண்ணாமலை மலையைச் சுற்றி வாழும் ஊர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் நடந்து செல்லும் பெருங்கூட்டத்தை நம்பித்தான் இங்குள்ள விடுதிகளும் உணவகங்களும் ஆட்டோக்களும் பூக்கடை பழக்கடைகளும் நடைபாதைக் கடைகளும் நடக்கின்றன. கடை வைத்திருப்பவர் எந்தச் சமயத்தவராயினும், பௌர்ணமி வியாபாரம் எல்லாருக்கும் பொது. நம் ஜமாஅத்தினருள்ளும் எத்தனையோ குடும்பங்களின் மாத வரவு செலவு, பிறையோடு கூடப் பௌர்ணமியையும் பார்த்தே அமைகிறது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 17 முதல் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பௌர்ணமிக் கிரிவலத்திற்கு விதிக்கப்பட்ட தடை ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் தொடர்ந்தது. 2020 நவம்பர் 29 அன்று கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டபோது, வழக்கமாக இலட்சக்கணக்கானோர் திரளும் இவ்வூரின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை நாமெல்லாரும் கண்ணாரக் கண்டோம். நமது பள்ளிவாசலின் கதவுகளும் மாதக்கணக்கில் சாத்தியிருந்தன. அவ்வாண்டு ரமளானில் தராவீஹ் தொழுகையும், பெருநாள் தொழுகையும் வீட்டுக்குள் முடிந்தன.

இவற்றுக்கும் ஆசிரியருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. கூட்டம் நின்றதும் கடைக்காரரின் வரவு நின்றது. கடைக்காரரின் வரவு நின்றதும் அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றது. கட்டணம் நின்றதும் பள்ளி நிர்வாகத்தின் கை முடங்கியது. நிர்வாகம் செலவைக் குறைக்க முனைந்தபோது, வங்கி வட்டியைக் குறைக்க இயலவில்லை; கட்டட வாடகையைக் குறைக்க இயலவில்லை; பேருந்துக்கான தவணையைக் குறைக்க இயலவில்லை. குறைக்க இயன்றது ஆசிரியரின் சம்பளம் ஒன்றே. ஏனெனில் மற்ற எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்ட பத்திரம் இருந்தது. ஆசிரியருக்கு மட்டும் பெரும்பாலும் வாய்ச்சொல்தான் இருந்தது.

தனியார் பள்ளி ஆசிரியர் பட்ட பாடு

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நிரந்தரப் பணியில் இருந்தோருக்கு மாதச் சம்பளம் தவறாது வந்தது. அகவிலைப்படி உயர்வு சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டதே அவர்களுக்கு நேர்ந்த முதன்மையான பொருளிழப்பு. சுயநிதிப் பள்ளிகளின் கதை வேறு. 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில் பெற்றோரைக் கட்டணம் செலுத்தக் கட்டாயப்படுத்தலாகாது எனத் தமிழக அரசு ஆணையிட்டது. வருமானமிழந்த பெற்றோருக்கு அது தேவையான ஆறுதல். பள்ளிகள் நீதிமன்றத்தை நாடின. ஆசிரியர்களுக்குச் சம்பளம் வழங்க வழியில்லை என்பது அவற்றின் முக்கிய வாதம். 2020 ஜூலை 17 அன்று சென்னை உயர்நீதிமன்றம், கல்விக் கட்டணத்தில் 75 விழுக்காட்டைப் பெறலாம். அதில் 40 விழுக்காட்டை முதற்கட்டமாகவும், எஞ்சிய 35 விழுக்காட்டைப் பள்ளிகள் திறந்த பின்னரும் பெறலாம் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது.

ஆனால் பள்ளிகள் திறப்பதாக இல்லை. 10, 12 ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11 ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டு, இரண்டாம் அலையில் மீண்டும் மூடப்பட்டன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்று மறுபடி தொடங்கின. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் பிள்ளைகள் பள்ளி வாசலை மிதித்ததோ நவம்பர் 1 அன்றுதான். அதாவது தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் 19 மாதங்களுக்கும் மேலாகத் தம் மாணவரை வகுப்பறையில் பார்க்கவில்லை. சின்னஞ்சிறு நர்சரிப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்த இடைவெளியே முடிவாகவும் அமைந்தது.

நாடு முழுவதற்கும் எடுக்கப்பட்ட கணக்கும் இதையே சொல்கிறது. ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரப்படி, 2020-21இல் 96.96 இலட்சமாக இருந்த பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை 2021-22இல் 95.07 இலட்சமாகக் குறைந்தது. ஓராண்டில் 1.89 இலட்சம் ஆசிரியர்கள் குறைவு. அரசுப் பள்ளிகளில் இக்குறைவு 0.9 விழுக்காடு, தனியார் பள்ளிகளில் 2.94 விழுக்காடு. அதே ஓராண்டில் தனியார் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 9.51 கோடியிலிருந்து 8.82 கோடியாகச் சரிந்தது. இந்த எண்களுக்குள் அடங்காத ஒரு கூட்டமும் உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கும். பாதிச் சம்பளமோ, கால் சம்பளமோ, வெறும் வாக்குறுதியோ தான் கையில் இருக்கும். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் முடித்தவர்கள் காய்கறி விற்றதையும், நூறு நாள் வேலைக்குச் சென்றதையும், கட்டட வேலையில் கலவை சுமந்ததையும் அக்காலத்துச் செய்தித்தாள்களில் படித்தோம். நம் தெருக்களிலும் பார்த்தோம். உழைத்து உண்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைக்கு இயற்பியல் சொல்லித்தர ஆயத்தமாக இருந்த ஒருவர் அந்த வாய்ப்பை இழந்தது சமுதாயத்தின் நட்டம்.

தெலங்கானா மாநிலம், 2021 ஏப்ரலில், தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் வழங்குவதாக அறிவித்தது. தமிழகத்தில் அரிசி குடும்ப அட்டைக்கு 2021இல் இரு தவணைகளாக 4,000 ரூபாய் கிடைத்தது. அது ஆசிரியர் என்பதற்காக அன்று, அட்டைதாரர் என்பதற்காக. தனியார் பள்ளி ஆசிரியர் என்ற ஓர் இனம் இருப்பதை ஓர் அரசு பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது என்ற அளவில் தெலங்கானாவின் முன்மாதிரி குறிப்பிடத்தக்கது.

பள்ளி நடத்துவோர் அனைவரையும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. சொந்த நகையை அடகு வைத்து ஆசிரியருக்குச் சம்பளம் தந்த தாளாளரும் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு அரசு தர வேண்டிய தொகை காலத்தில் கிடைப்பதில்லை என்பது அவர்களின் நெடுநாளைய முறையீடு. இடர் எல்லாருக்கும் வந்தது. அந்த இடரின் பளுவைக் கடைசியில் யார் தோளில் இறக்கினோம் என்பதைத்தான் இங்கு எண்ணிப் பார்க்கிறோம்.

அச்சம் செய்யும் வேலை

சம்பளக் குறைவு ஒரு துன்பம். வேலை நிலைக்குமா என்ற அச்சம் இன்னொரு துன்பம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. வேலைப் பாதுகாப்பின்மையைப் பற்றி 1984இல் எழுதிய கிரீன்ஹால்க், ரோசன்பிளாட் என்னும் இரு ஆய்வாளர்கள், ஆபத்துக்குள்ளான வேலையைத் தக்கவைத்துக்கொள்ளத் தன்னால் எதுவும் செய்ய இயலவில்லை என்று ஒருவர் உணரும் கையறு நிலையே அதன் சாரம் என விளக்கினார்கள். வேலை போய்விட்டது என்று தெரிந்தவர் அழுதுவிட்டு வேறு வழி தேடுவார். போகுமா, இருக்குமா என்று தெரியாதவர் தேடவும் இயலாது, இருக்கவும் இயலாது. இரவில் உறக்கம் வராது. பகலில் பாடத்தில் மனம் செல்லாது.

அந்நாள்களில் ஆசிரியரின் பணி குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். ரீசார்ஜ் செலவு அவர்களுடையது. வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீட்டுப்பாடப் படங்களை நள்ளிரவுவரை திருத்தினார்கள். திரைக்கு அப்பால் மாணவரோடு பெற்றோரும் அமர்ந்து கேட்பது புதிய கூச்சம். இவ்வளவுக்கும் மேலாக, கட்டணம் செலுத்தாத பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் வேலையும், புதிய மாணவர்களைச் சேர்த்துவிடும் வேலையும் பல இடங்களில் ஆசிரியர் தலையில் விழுந்தன. இத்தனை சேர்க்கை பிடித்தால் சம்பளம் என்று சொல்லப்பட்டவர்களும் உண்டு. கற்பிப்பதற்காக வந்தவர் வசூலுக்கு நின்றார். அதன்பின் அந்தப் பெற்றோரின் முகத்தை அவர் எப்படி நிமிர்ந்து பார்ப்பார்?

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் நிலையைச் சொல்கிறோம், பெயர் வேண்டா. ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 2020 ஜூன் முதல் அவருக்குப் பாதிச் சம்பளம்; சில மாதங்களில் அதுவும் இல்லை. கணவரின் கடை மூடிக் கிடந்தது. ஒரே கைப்பேசி, காலையில் அவர் அதில் பாடம் நடத்துவார், அவருடைய இரு பிள்ளைகளின் வகுப்புகள் தவறிப்போகும். நம் இளைஞர்கள் வீடு வீடாக அரிசி, பருப்பு, எண்ணெய்ப் பைகளைக் கொண்டு சென்றபோது அவர் வீட்டு வாசலைக் கடந்துதான் சென்றார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை. "டீச்சர் வீடுதானே, அவர்களுக்கென்ன" என்று பட்டியல் எழுதியவர்கள் நினைத்தோம். ஆம், நினைத்தவர்கள் நாங்களே. அவரும் கேட்கவில்லை. நேற்றுவரை தம்மிடம் படித்த பிள்ளையின் கையிலிருந்து நிவாரணப் பையை வாங்க எந்த ஆசிரியருக்குக் கை நீளும்? இதை அவர் எங்களிடம் சொன்னது ஈராண்டுகள் கழித்து. அதுவும் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிரவு எங்களுள் பலருக்கு உறக்கம் வரவில்லை.

ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது?

இவ்வளவு இடரிலும் ஆசிரியர்கள் மனம் தளராமல் கற்பித்தார்கள் என்று புகழ்கிறோம். புகழ்ச்சி உண்மையே. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் பொறுப்பைக் கழற்றி வைத்துவிடலாகாது. நன்னூல் ஆசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் தராசுக்கும் பூவுக்கும் ஒப்பிடுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அந்த உவமையின் பெருமை நன்றாகவே தெரியும். ஒரேயொரு வேறுபாடு: மலைக்கு வீட்டு வாடகை கிடையாது, ஆசிரியருக்கு உண்டு.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பர்க், 1959இல் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். பணியாளரின் மனநிலையைப் பாதிப்பவற்றை அவர் இரு வகையாகப் பிரித்தார். சாதனை உணர்வு, பாராட்டு, பணியின் சிறப்பு ஆகியவை ஊக்கத்தை வளர்ப்பவை. சம்பளம், வேலை உறுதி, நிர்வாகத்தின் நடத்தை ஆகியவை இருந்தால் மட்டும் பெரிய ஊக்கம் பிறந்துவிடாது. இல்லாவிட்டாலோ மனக்குறை பெருகும். எளிதாகச் சொல்வதானால், பின்னவை அடித்தளம். முன்னவை அதன்மேல் எழும் சுவர். நாம் ஆசிரியர் தினத்தன்று பொன்னாடை போர்த்துகிறோம். அது சுவருக்குப் பூசும் வண்ணம். அடித்தளம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழகம் கண்ட ஓர் உண்மை இதற்குச் சான்று. அரசுப் பள்ளி ஆசிரியர்களுள் பலர் தம் சொந்தப் பணத்தில் மாணவர்க்குக் கைப்பேசி வாங்கித் தந்தார்கள்; கிராமத் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தினார்கள். அவர்கள் நல்லவர்கள், தனியார் பள்ளி ஆசிரியர்கள் அவ்வாறல்லர் என்று இதற்குப் பொருளில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி இருந்தவருக்கு, தம் மனத்திலிருந்த கருணையைச் செயலாக்க வழி இருந்தது. அந்த உறுதி இல்லாதவரின் மனத்திலும் அதே கருணை இருந்தது, கை கட்டப்பட்டிருந்தது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்திற்கு மாலைநேர வகுப்பெடுக்கத் தன்னார்வலர்கள் இலட்சக்கணக்கில் முன்வந்ததும் நமக்குத் தெரியும். கற்பிக்கும் ஆர்வத்துக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. அந்த ஆர்வத்தையே ஆதாரமாக வைத்து, ஊதியம் பற்றிப் பேசாமல் இருந்துவிடும் வழக்கம்தான் பழுது.

ஆசிரியர் நிலை குறித்து 1966 அக்டோபர் 5 அன்று யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்த மாநாடு ஏற்ற பரிந்துரை, பணி நிலைப்பு என்பது ஆசிரியரின் நலனுக்கு மட்டுமன்றிக் கல்வியின் நலனுக்கும் இன்றியமையாதது என்கிறது. உலக ஆசிரியர் நாள் கொண்டாடப்படுவதே அந்த நாளின் நினைவாகத்தான். நம் நாட்டிலோ, ஆசிரியர் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உயர்ந்த பணி என்ற காரணமும் அத்தீர்ப்பில் இருந்தது. உயர்ந்த பணி என்பதாலேயே, அன்றைய தொழில் தகராறுச் சட்டம் ஓர் ஆலைத் தொழிலாளிக்கு அளித்த பாதுகாப்பு ஆசிரியருக்கு இல்லாமற் போயிற்று. பணிக்கொடையும் அவ்வாறே. ஆசிரியருக்கு அது பொருந்தாது என 2004இல் தீர்ப்பு வந்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி செய்தது. தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில், அத்திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டு 29 அன்று உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்தாண்டு பணி முடித்த ஆசிரியருக்கு, ஓராண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு என்பதை இவ்வவையிலுள்ள ஆசிரியர்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? தம் உரிமை தமக்கே தெரியாதிருப்பதும் பாதுகாப்பின்மையின் ஒரு பகுதியே.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் இனி எங்களைப் பற்றிப் பேச வேண்டும். இந்த ஜமாஅத்தும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரும் இடம். மக்தபில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்மார்களும் ஆசிரியர்களே. கூலியைத் தாமதிக்கலாகாது என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். 2020இல் நாம் என்ன செய்தோம்?

ஜும்ஆ நின்றதும் உண்டியல் நின்றது. வீட்டுச் சந்தா நின்றது. கடை வாடகை வரவில்லை. அந்த ஆண்டு ரமளான் முடிந்த பின்னர், நிர்வாகிகள் நால்வர் முகக்கவசத்தோடு கூடி ஆலோசித்தோம். இமாம், முஅத்தின் இருவருக்கும் சம்பளத்தை எப்பாடுபட்டாவது தருவது என முடிவாயிற்று. மக்தபில் பிள்ளைகளே வராதபோது ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு என்ன செய்வது என்ற வினா வந்தது. எவருக்கும் "இல்லை" என்று சொல்ல மனமில்லை. "உண்டு" என்று சொல்லக் கையில் பணமில்லை. ஆகவே அவரிடம், "நிலைமை சீராகட்டும் ஹஜ்ரத், பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லி அனுப்பினோம். ஆறுதலாகச் சொன்னோம் என்றே அன்று நம்பினோம்.

அவர் மூன்று மாதம் காத்திருந்தார். இடையில் யாரோ கொடுத்த சிறு உதவிகளில் குடும்பம் நடந்தது. பிறகு தம் ஊருக்குச் சென்று ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மக்தப் மீண்டும் தொடங்கியபோது அழைத்தோம். வர இயலாது என்று மரியாதையோடு மறுத்துவிட்டார். அவரைப் போன்று பொறுமையாக ஓதிக்கொடுக்கும் ஒருவர் அமைய நமக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. பின்னொரு நாள் அவரைச் சந்தித்தபோது அவர் சொன்னது இது: "நீங்கள் இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே ஊருக்குப் போயிருப்பேன். பாதி தருகிறோம் என்றிருந்தால் பாதியில் வாழ்ந்திருப்பேன். பார்த்துக்கொள்வோம் என்றீர்கள், ஒவ்வொரு நாளும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஆய்வாளர்கள் எழுதியதை அந்த ஹஜ்ரத் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். நாங்கள் அவருக்குச் செய்த தீங்கு பணம் தராதது மட்டுமன்று. என்ன தருவோம், எப்போது தருவோம், தரமாட்டோமா என்பதைச் சொல்லாமல் விட்டதே பெருந்தீங்கு. தனியார் பள்ளி நிர்வாகங்களைக் குறைகூறும் தகுதி, இந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னர் எங்களுக்குக் குறைவுதான். இதைப் பொதுக்குழுவின் முன் ஒப்புக்கொள்வது கடமை என்று கருதி ஒப்புக்கொள்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

மனம் வருந்துவதோடு நில்லாமல், பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சில முன்மொழிவுகளை வைக்கிறோம்.

முதலாவது, எழுத்துமூலமான பணி நியமன ஆணை. இமாம், முஅத்தின், மக்தப் ஆசிரியர், தையல் வகுப்பு ஆசிரியை, துப்புரவுப் பணியாளர் எவராயினும், சம்பளம் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், பணியிலிருந்து விடுவிப்பதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பன ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரப்பட வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. இருந்தும் இத்தனை ஆண்டுகள் நாம் செய்யவில்லை.

இரண்டாவது, மூன்று மாதச் சம்பளத்துக்கான காப்பு நிதி. எடுத்துக்காட்டாக, சராசரி 10,000 ரூபாய் பெறும் ஐவர் இருந்தால் மாதம் 50,000. மூன்று மாதத்துக்கு 1,50,000 ரூபாய். 300 வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் பத்தே மாதங்களில் அத்தொகை சேர்ந்துவிடும். மினாரா வண்ணப்பூச்சுக்கு இதைவிடப் பெருந்தொகையை நாம் மனமுவந்து திரட்டியிருக்கிறோம். அந்நிதியைக் கட்டடத்துக்கோ விழாவுக்கோ எடுக்கலாகாது என்றும் தீர்மானத்தில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, அரசு வழங்கும் பாதுகாப்புகளில் இணைத்தல். தமிழகத்தில் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009 முதல் இருந்து வருகிறது. நம் பணியாளர் ஒருவரும் அதில் பதிவு செய்யாதவராக இருக்கலாகாது. பள்ளி நடத்தும் நம் சகோதரர்கள், ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத் தவறாது தொடங்கட்டும். 2020 மார்ச் இறுதியில், அந்நிதியிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணம் பெற அனுமதி கிடைத்தபோது, கணக்கு இருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. கணக்கே இல்லாதவர் எதை எடுப்பார்? தொழிலாளர் சட்டங்கள் பல 2025 நவம்பரில் புதிய தொகுப்புகளுக்குள் வந்துவிட்டன. வைப்பு நிதியும் பணிக்கொடையும் அவற்றிலும் தொடர்கின்றன.

நான்காவது, பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வருமானம் நின்றவர் கட்டணம் செலுத்த இயலாது. அவரை எவரும் நெருக்கலாகாது. ஆனால் வருமானம் குறையாத குடும்பங்களும் அன்று, "பள்ளிதான் நடக்கவில்லையே" என்று கட்டணத்தை நிறுத்தினோம். 2021 ஜூலையில் உயர்நீதிமன்றம், வருமானம் பாதிக்கப்படாத பெற்றோரிடம் 85 விழுக்காடும், பாதிக்கப்பட்டோரிடம் 75 விழுக்காடும் பெறலாம் என்று வேறுபடுத்தியதன் பொருள் இதுவே. இருப்பவர் செலுத்தினால்தான் இல்லாதவருக்குச் சலுகை தரவும், ஆசிரியருக்குச் சம்பளம் தரவும் இயலும்.

ஐந்தாவது, உதவும் முறை. சம்பளம் வேறு, ஜகாத் வேறு. ஜமாஅத் தர வேண்டிய ஊதியத்தை ஜகாத் நிதியில் கழித்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கும் வரலாகாது. அதே வேளையில், இடர்க்காலப் பட்டியல் எழுதும்போது வீட்டின் வெளித்தோற்றத்தைப் பார்த்து எழுதலாகாது. கேட்கக் கூசுபவரை நாமே தேடிச் செல்ல வேண்டும். பையை வாசலில் வைத்துப் படம் எடுக்காமல், உறைக்குள் வைத்துக் கையில் சேர்க்க வேண்டும். அதற்கென ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் கொண்ட சிறு குழுவை அமைக்கலாம்.

ஆறாவது, மாதம் ஒருமுறை நிர்வாகிகள் மக்தப் ஆசிரியர்களோடு அமர்ந்து பேசுவது. வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் கூட்டமாக அது அமையாமல், உடல்நலம் எப்படி, வீட்டில் என்ன சிரமம், வகுப்பில் என்ன தேவை என்று கேட்கும் கூட்டமாக அமைய வேண்டும். மனச்சோர்வு என்பது ஈமானின் குறைவு என்று சொல்லி வாயடைக்காமல், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் துணிவும் நமக்கு வேண்டும்.

அன்பானவர்களே! 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்ல இயலாதிருந்தார்கள் என்றும், ஏறத்தாழ 6 கோடியே 30 இலட்சம் ஆசிரியர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்றும் யுனெஸ்கோ கணக்கிட்டது. அத்தனை பேருக்கும் நாம் எதுவும் செய்ய இயலாது. இந்த மஹல்லாவில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் சிலருக்குச் செய்ய இயலும். அவர்களுள் சிலர் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வழக்கம்போல் முன்வரிசை நாற்காலிகளை நிர்வாகிகளான நாங்கள் நிரப்பிவிட்டோம்.

அடுத்த ஆண்டு இதே அமர்வில் பொருளாளர் அறிக்கை வாசிக்கும்போது, "ஊதியம்" என்ற வரிக்குக் கீழே "ஊதியக் காப்பு நிதி" என்று இன்னொரு வரி இருக்க வேண்டும். இல்லையெனில் சுண்ணாம்புச் செலவைக் கேட்டது போல எழுந்து நின்று கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். அப்போது "பார்த்துக்கொள்வோம்" என்ற சொல்லை எங்கள் வாயிலிருந்து நீங்கள் கேட்கமாட்டீர்கள், இன்ஷா அல்லாஹ்.

ஆசிரியர் அனைவரின் வாழ்விலும் வல்ல இறைவன் நிம்மதியை நல்குவானாக.